சீழ் வடியும் செவியும் செவிகொடுக்கும் தேவனும்



பிழைப்புக்காக மும்பைக்கு வந்து ஒற்றை அறையில் குடியிருக்கும் நம்மவர்களுக்குக் காசநோய் என்றால் இருமல் மாத்திரமே நினைவுக்கு வரும். அது செவியையும் மண்டையோட்டின் எலும்பையும் தாக்கக்கூடும் என்பதை என் மனைவியின் வியாதியினாலே அறிந்தேன். நீங்களும் அறிந்திருக்கும்படி இதை எழுதுகிறேன்.

அவளுக்கு இருமலில்லை, காதில் வலியுமில்லை. வலது காதில் சீழ் மாத்திரம் மாதக்கணக்காய் வடிந்தது. சொட்டு மருந்தும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் பயனளிக்கவில்லை. கேட்கும் திறன் விரைவாய்க் குறைந்தது; பின்பு முகம் ஒருபுறமாய்க் கோணிற்று. முகத்தை அசைக்கும் நரம்பு காதெலும்பின் வழியாகவே செல்லுகிறது என்று மருத்துவர் விளக்கினார். மார்பு எக்ஸ்ரேயில் குறையொன்றுமில்லை. சி.டி. ஸ்கேனிலோ காதின் பின்புறத்து எலும்பு அரிக்கப்பட்டிருந்தது. இவ்வியாதியில் கிருமிகள் குறைவாயிருப்பதால், சீழை மாத்திரம் சோதித்தால் தெரியாமற்போகலாமாம். ஆகையால் காதினுள் வளர்ந்திருந்த சதையில் சிறிது எடுத்து, பயாப்ஸிக்கும் சிபிநாட் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். காசநோய் உறுதியாயிற்று.

முதல் 2 மாதங்கள் 4 மருந்துகள். எலும்பும் தாக்கப்பட்டிருந்தபடியால் மேலும் 10 மாதங்கள் 3 மருந்துகள். அரசு மையங்களில் இவை இலவசம். 2024 நவம்பர் முதல், சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தும் திட்டமும் உண்டு. சிறுநீர் ஆரஞ்சு நிறமானால் அஞ்ச வேண்டாம். அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம். கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். நுரையீரலில் நோயில்லாவிட்டால் இது பொதுவாகப் பிறருக்குப் பரவாது. தட்டையும் பாயையும் பிரித்துவைத்து ஒருவரையும் புண்படுத்தாதிருங்கள்.

நான்காம் மாதம் சீழ் நின்றது. அன்புள்ள விசுவாசிகள் சிலர், "கர்த்தர் சுகந்தந்த பின்பும் மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசமல்லவா?" என்றார்கள். அவள் எசேக்கியா ராஜாவை நினைப்பூட்டினாள். கர்த்தர் அவர் ஜெபத்தைக் கேட்டு ஆயுசில் 15 வருஷம் கூட்டினார். ஆயினும் அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கும்படி ஏசாயா தீர்க்கதரிசி சொல்லவில்லையா? பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி எழும்பும். ஆகவே 12 மாதங்களும் மருந்தை முடித்தாள். இடையில் ஊருக்குப் போக நேரிட்டபோது, மையத்தில் சொல்லி மருந்தை அங்கே பெறும்படி மாற்றிக்கொண்டோம்.

முகம் நேராயிற்று. வலது செவியின் கேள்வி முழுதும் திரும்பவில்லை. ஆராதனையில் இப்பொழுது அவள் வலப்பக்கத்து ஓரத்தில் அமருகிறாள். இடது செவி பிரசங்க பீடத்தை நோக்கியிருக்கும். அதற்காகவும் ஸ்தோத்திரிக்கிறோம்.

உங்கள் வீட்டில் எவருக்கேனும் காதில் சீழ் நிற்காமல் வடிகிறதா? ஜெபியுங்கள், தாமதமின்றி காது மருத்துவரிடமும் காண்பியுங்கள். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.