நாலு பிளக்கும் ஒரு நோட்டீஸும்

பேங்க்காரனுக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கறீங்களா? 2023 ஜூலை வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். படிச்சது பி.காம். எனக்குத் தெரிஞ்ச ஒரே பிளக் பாயின்ட், சுவத்துல செல்போன் சார்ஜர் செருகற இடம்தான்.

அகமதாபாத்துக்கு மாற்றலாகி வந்த புதுசுல எனக்கு ஒரு குழப்பம். நம்மூர்ல 'பாய்'னா ஒரு அர்த்தம். இங்க எல்லாருமே பாய்தான். பால்காரர் பாய், மேனேஜர் பாய், கடன் வாங்கினவரும் பாய். நம்ம கதையில வர்ற பாய்க்கு ஒரே ஒரு லாரி. நாலு சிலிண்டர், சிஎன்ஜி. நரோல் பக்கத்து சாயப்பட்டறைகள்ல இருந்து சூரத்துக்குத் துணி மூட்டை ஏத்திட்டுப் போவார். வண்டி எங்க பேங்க் லோன். மாசத் தவணை 31,400 ரூபாய்.

ரெண்டு வருஷம் தேதி தவறாம கட்டினவர், திடீர்னு நிறுத்திட்டார். மூணு தவணை பாக்கி. கம்ப்யூட்டர்ல பார்த்தா 78 நாள். 60 தாண்டினா கணக்கு எஸ்எம்ஏ-2, 90 தாண்டினா வாராக் கடன். அதுக்கப்புறம் நான் நினைச்சாலும் அவரைக் காப்பாத்த முடியாது. போன் பண்ணினா ஒரே பதில்தான்: "காடி மிஸ் மார்தி ஹை, சாஹேப்." வண்டி மிஸ் அடிக்குதாம்.

இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். எத்தனை பாட்டிகள் எத்தனை தடவை செத்துப் போயிருக்காங்க தெரியுமா? இதுவும் அந்த ரகம்னு முடிவு பண்ணி, நோட்டீஸ் டைப் பண்ணி வச்சுட்டேன்.

அன்னைக்கு ராத்திரி வழக்கம்போல நாமக்கல்லுக்குப் போன். அப்பா அங்க முப்பத்தஞ்சு வருஷம் லாரிப் பட்டறை வச்சிருந்தவர். பேச்சுவாக்குல விஷயத்தைச் சொன்னேன்.

"டீசல் வண்டிக்கு பிளக் ஏதுடா சாமி? எப்படி மிஸ் அடிக்கும்?"

"கேஸ் வண்டிங்கப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "அப்ப பிளக்கைக் கழட்டிப் பாக்கச் சொல்லு. நீ பேரேட்டைப் பாக்கற மாதிரி மெக்கானிக் பிளக்கைப் பாக்கோணும். உள்ள நடக்கறது அத்தனையும் அதுல எழுதியிருக்கும். நோட்டீஸு எங்க போயிரப் போகுது? நம்ம பட்டறையில இஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருந்தப்பவே பைனான்ஸ்காரன் கட்டி இழுத்துட்டுப் போன வண்டி ரெண்டு உண்டு. உனக்கு ஞாபகம் இருக்காது."

எனக்கு ஞாபகம் இருந்துச்சு. சொல்லலை.

ரெண்டாவது சனிக்கிழமை, பேங்க் லீவு. ஷெட்டுக்குப் போனேன். லாரி அங்கதான் நின்னுச்சு. பாய் சொன்னது பொய்யில்லை.

டீசல் இஞ்சின்ல காத்தை அமுக்கற சூட்டுலயே எண்ணெய் பத்திக்கும். சிஎன்ஜி அப்படியில்லை. மீத்தேன் தானாப் பத்திக்க 500 டிகிரிக்கு மேல வேணும். அதனால பிளக் பொறி போட்டே ஆகணும். அதுலயும் பெட்ரோலை விட கேஸுக்கு அதிக வோல்டேஜ் வேணும். பிளக் கொஞ்சம் தேய்ஞ்சு கேப் அதிகமானாலே, லோடோட மேடு ஏறும்போது பொறி தாண்டாது. வண்டி திக்கும், இழுவை இருக்காது.

வயசான மெக்கானிக் ஒருத்தர், நாலு பிளக்கையும் கழட்டி சிலிண்டர் வரிசைப்படி ஒரு குஜராத்தி பேப்பர் மேல அடுக்கினார். நாலும் மூணு கம்பெனி! ஒவ்வொரு தடவை மிஸ் அடிக்கும்போதும் வழியில கிடைச்ச மலிவு பிளக் ஒண்ணை மாத்திக்கிட்டே வந்திருக்கார் பாய். ஒண்ணு 120 ரூபாய், நாலு மாசத்துல ஏழு பிளக்.

முதல் பிளக்கோட பீங்கான் மூக்கு லேசான பழுப்பு. அதுதான் ஆரோக்கியம். ரெண்டாவது வெள்ளை வெளேர்னு, கொப்புளம் வேற; ரொம்ப சூடாயிருக்கு. மூணாவதுல எண்ணெய் பிசுக்கு. நாலாவதுல முனை தேய்ஞ்சு கேப் வாயைப் பிளந்திருந்துச்சு. பேரேடு மாதிரிதான், அப்பா சொன்னது சரி.

ரெண்டாவது பிளக் கதைதான் எனக்கு ஆச்சரியம். "அதே நம்பர்தானே சாஹேப் வாங்கினேன்"ங்கறார் பாய். மெக்கானிக் சிரிச்சார். பிளக்குல சூட்டு எண்னு ஒண்ணு உண்டு. பொறியோட சூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. பிளக் தன் சூட்டை எவ்வளவு சீக்கிரம் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துதுங்கறதுதான் கணக்கு. என்ஜிகே, டென்சோவுல எண் கூடக்கூட குளிர்ந்த பிளக். பாஷ், சாம்பியன்ல எண் கூடினா சூடான பிளக். ஒரு கம்பெனி நம்பரைப் பார்த்து இன்னொரு கம்பெனியில அதே நம்பரை வாங்கினா முடிஞ்சது கதை! ரொம்ப சூடான பிளக், பொறி வர்றதுக்கு முன்னாடியே கேஸைப் பத்த வச்சு பிஸ்டனையே ஓட்டை போட்டுடும். ரொம்பக் குளிர்ந்தது கரி பிடிச்சு அணைஞ்சுடும்.

அடுத்து உதிரிபாகக் கடை. கடைக்காரர் ரெண்டு எடுத்து வச்சார். அதே 120 ரூபாய் சரக்கு ஒண்ணு. "இதுக்கு மேல எதுவுமே கிடையாது"ன்னு 1,100 ரூபாய்க்கு இரிடியம் ஒண்ணு. பாய் என்னைப் பார்க்கறார். கடன் பாக்கி வச்சிருக்கறவர், பேங்க்காரன் எதிர்ல எதை எடுப்பார்? கை தானா மலிவுப் பக்கம் போச்சு. உண்மையைச் சொல்றேன், நானும் மனசுல அதைத்தான் சரின்னு நினைச்சேன்.

மெக்கானிக் ரெண்டையும் தள்ளி வச்சுட்டு, வண்டியோட கொடுத்த கையேட்டைப் பிரிச்சார். மரையோட விட்டம், மரை நீளம், சூட்டு எண், உள்ளே ரெசிஸ்டர் இருக்கா, கேப் எவ்வளவு: இந்த அஞ்சும் ஒத்துப் போகணும். நீளம் கூடினா பிஸ்டன்ல இடிக்கலாம். ரெசிஸ்டர் இல்லைன்னா மின் இரைச்சல் கம்ப்யூட்டரைக் குழப்பும். அந்த 1,100 ரூபாய் இரிடியத்துக்கு சூட்டு எண் சேரலை. நல்ல பொருள்தான், இந்த இஞ்சினுக்கு இல்லை. கையேட்டுல போட்ட பார்ட் நம்பரைத் தேடி நாலும் ஒரே மாதிரி வாங்கினோம். ஒண்ணு 640, மொத்தம் 2,560.

எனக்குள்ள இருந்த பி.காம். கணக்குப் போட்டான். ஏழு மலிவு பிளக் 840 ரூபாய். அதனால வண்டி நின்னது 19 நாள். பாய் கணக்குப்படி ஒரு நாள் நின்னா 3,000 போச்சு. ஆக 57,000! கிட்டத்தட்ட ரெண்டு தவணை. இந்தக் கணக்கைப் போடாமத்தான் நோட்டீஸ் டைப் பண்ணியிருக்கேன்.

இஞ்சின் ஆறினதுக்கப்புறம்தான் மெக்கானிக் மாட்டினார். கேப்பை ஃபீலர் கேஜ் வச்சுப் பார்த்து, முதல்ல கையாலயே மரை ஏத்தி, கடைசியில டார்க் ரெஞ்ச். வண்டியை ஸ்டார்ட் பண்ணினதும் எனக்கே வித்தியாசம் தெரிஞ்சுது. ஆனா அவர் ஒண்ணு சொன்னார்: "மூணாவது சிலிண்டர்ல எண்ணெய் ஏறுது. ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கு. பிளக் மாத்தினா அது தீராது." தீபாவளிக்கு முன்னாடி பாய் அதையும் பிரிச்சுப் பார்த்தார். வால்வு சீல்தான். செலவுதான், ஆனா ஓடற வண்டி சம்பாதிச்சுக் கொடுத்த காசு.

86-வது நாள் ஒரு தவணை வந்துச்சு. பழைய பாக்கி கழிய, கணக்கு 90-ஐத் தாண்டாம நின்னுச்சு. மிச்சம் தீர அஞ்சு மாசம் ஆச்சு.

அப்பாகிட்ட சொன்னேன். "பிளக்கைப் பாத்தியா?"ன்னார். "பார்த்தேங்கப்பா." "அந்தப் பையன் மூஞ்சியைப் பாத்தியா?"ன்னார்.

அதையும் பார்த்தேன். இப்பெல்லாம் வண்டிக் கடன் 30 நாள் தாண்டினாலே, நோட்டீஸுக்கு முன்னாடி ஷெட்டுக்கு ஒரு நடை போயிடறேன்.

டிஸ்கி: உங்க வண்டிக்கு எந்த பிளக்னு என்னைக் கேக்காதீங்க. கையேட்டைப் பாருங்க. நான் வெறும் பி.காம்.