மாட்டுச் சந்தையும் மார்க்கச் சட்டமும்

மதரஸாக்களில் ஓதப்படும் ‘கிதாபுல் புயூஃ’ என்னும் வணிக இயல் பாடத்தில் ஒட்டகமும் ஆடும் மாடும் நிறைந்திருக்கும். நகரத்துப் பிள்ளைகளுக்கு அவை வெறும் சொற்கள். உத்திரமேரூர் வட்டத்துக் காவாந்தண்டலத்தில் வளர்ந்த எனக்கோ, தொழுவத்தில் நின்று அசைபோடும் உயிர்கள்.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் தரகரே வாசலுக்கு வந்துவிடுவார். அவர் சொல்லும் விலை மனத்துக்கு ஒவ்வாதபோது, வேலூரை அடுத்த பொய்கையில் செவ்வாய்தோறும் கூடும் சந்தைக்கு வண்டியேற்றிச் செல்வதுண்டு. அங்கே முதற்சோதனை பல். பால்பல் விழுந்து இரண்டு பல் முளைத்திருந்தால் ஏறக்குறைய இரண்டரை வயது. எட்டும் சேர்ந்துவிட்டால் நான்கைந்து வயதாயிற்று என்று பொருள். அதன்பின் தேய்மானத்தைக் கொண்டுதான் கணக்கு. அடுத்து மடி, நடை, இறுதியாகச் சுழி. எல்லாம் ஒத்துவந்தால் கையின்மேல் ஒரு துண்டு விழும். துண்டுக்குள் விரல்கள் பேசும். பற்றிய விரல் நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்பதை எதிரில் நிற்கும் மாடே விளக்கிவிடும்.

‘முலாமஸா’ என்னும் தொட்டு முடிக்கும் வணிகத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று ஓதும் மாணவன், இந்தத் துண்டைத்தான் நினைத்துக்கொள்வான். ஆயின் இரண்டும் ஒன்றல்ல. அங்கே பொருளைப் பாராமல் தொட்டவுடனேயே விற்பனை முடிந்துவிடும். இங்கே பொருள் வெட்டவெளியில் நிற்கிறது, விலை மட்டுமே மறைவில் பேசப்படுகிறது. ஒருவர் பேரத்தின்மேல் மற்றவர் பேரம் பேசலாகாது என்ற விதிக்கு இம்மறைவு துணைசெய்வதாகவும் கொள்ளலாம். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் ‘நஜஷ்’ என்னும் சூதுக்கும் அங்கே இடம் குறைவு. எனினும் இரு தரப்புக்கும் வெவ்வேறு விரலைப் பிடித்து இடைப்பணத்தை மடியில் கட்டிக்கொள்ளும் தரகருக்கும் அதே துண்டுதான் திரை.

வெளிப்படையான ஏலமும் நம் மார்க்கத்துக்குப் புதிதன்று. வறுமையுற்று வந்த அன்சாரி ஒருவரின் விரிப்பையும் கிண்ணத்தையும் அண்ணலார் தம் கையால் ஏலமிட்ட செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். ‘இதற்கு மேல் தருபவர் யார்?’ என்று கேட்க, இன்னொருவர் இரண்டு திர்ஹம் தந்து பெற்றுக்கொண்டார். ஒன்று குடும்பத்தின் உணவுக்கும், மற்றொன்று விறகு வெட்டும் கோடரிக்கும் ஆயிற்று.

சந்தைக்கு முதல்நாள் பால் கறவாமல் மடியைப் பெருக்கவைக்கும் தந்திரத்தை நம் உழவர் அறிவர். அன்றைய அரபு நாட்டாரும் அறிந்திருந்தனர். அப்படி ஏமாந்து வாங்கியவர் மூன்று நாளைக்குள் திருப்பித் தரலாம், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் தரவேண்டும் என்பது நபிமொழி. ஷாஃபிஈ இமாம் அதை அப்படியே சட்டமாக்கினார். ஹனஃபி அறிஞர்கள் மாறுபட்டனர். ஆனால் ஏமாற்றுதல் பாவம் என்பதில் எவரும் மாறுபடவில்லை.

இவையெல்லாம் ஏட்டில் எளியவை. சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் தெருவில் கணவரை இழந்த அம்மையார் ஒருவர், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காகத் தம் ஒரே கறவையை விற்க முனைந்தார். நல்ல மாடு, நேரத்துக்குக் குறையாமல் பால் தருவது. ஆனால் முதுகில் ஆகாத சுழி ஒன்று. வெளியூரார் கவனிக்கமாட்டார், வாய் திறவாதிருங்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். அம்மையார் என்னிடம் வந்து கேட்டார்:

“அஜரத், சகுனம் பார்ப்பது கூடாது என்று நீங்கள்தானே பயானில் சொன்னீர்கள்? அப்படியானால் இல்லாத குறையை நான் ஏன் சொல்லவேண்டும்?”

கூர்மையான கேள்வி. சுழியில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்பதே நம் நம்பிக்கை. அதனால் மாட்டுக்கு நோயில்லை, பால் குறையவில்லை. ஆயினும் ‘அய்ப்’ எனப்படும் குறைக்குச் சட்ட அறிஞர் வகுத்த இலக்கணம் வேறு வகையாய் இருக்கிறது: வணிகர் வழக்கில் எது பொருளின் விலையைக் குறைக்குமோ, அது குறை. வாங்குபவர் நாளை அதே சந்தையில் இம்மாட்டை விற்கப்போனால் அந்தச் சுழிக்காக விலை இறங்கும். சகுனம் பொய், அவர் இழக்கப்போகும் பணம் பொய்யன்று. “சொல்லிவிடுங்கள் அம்மா, நாங்கள் அதை நம்புவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்” என்றேன்.

அவர் அவ்வாறே சொன்னார். 4,000 ரூபாய் குறைந்தது. “சொல்லிட்டேன் அஜரத்” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. என் விடை சரியென்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் ஏட்டைப் புரட்டிய எனக்கு அதில் ஒரு காசும் செலவில்லை. விலை கொடுத்தவர் அவர்.

நேர்மையாக நடவுங்கள் என்று மிம்பரிலிருந்து சொல்வது எளிது. அதனால் ஏழைக்கு நேரும் இழப்பில் ஊர் பங்கெடுப்பதில்லை. அன்சாரியின் விரிப்பும் கிண்ணமும் ஒரு திர்ஹத்துக்கே போயிருந்தால் அன்றைய உணவு கிடைத்திருக்கும், கோடரி கிடைத்திராது. கூட்டத்தில் இருந்து இரண்டு திர்ஹம் தந்த அந்தத் தோழரைப் போன்றவர் நம் ஜமாஅத்துகளிலும் வேண்டும். சுழியை நம்பாத நம்மில் ஒருவர் அன்று அந்த மாட்டை முழுவிலைக்கு வாங்கியிருந்தால், நம் நம்பிக்கைக்கு அதைவிடச் சிறந்த பயான் வேறு இருந்திருக்குமா?