கதாநாயகியின் கைகள்

புதுச்சேரியில் நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே இருக்கிறது பெரிய மார்க்கெட். அரசுக் காகிதங்களில் அதன் பெயர் குபேர் அங்காடி; புதுவையின் முதலமைச்சராக இருந்த எதுவார் குபேரின் நினைவாக இடப்பட்டது. ஊர் வாயில் அந்தப் பெயர் ஒட்டவில்லை. மணிக்கூண்டைக் கடந்து, பூவும் காய்கறியும் வாழையிலையும் விற்கும் வரிசைகளைத் தாண்டினால் மீன் பகுதி வரும். அங்கே விற்பவர்கள் ஏறக்குறைய அனைவரும் பெண்கள். நாவலிலோ நாடகத்திலோ திரைப்படத்திலோ ஒரு பெண் பாத்திரத்தைச் சந்திக்கும்போது, அவளை இந்த மீன் பகுதிக்கு அழைத்துவந்து நிறுத்திப் பார்ப்பது என் வழக்கம். இங்கே ஒரு காலைப்பொழுதை அவளால் கழிக்க முடியுமா? பெரும்பாலான கதாநாயகியர் அரைமணி நேரம்கூடத் தாங்குவதில்லை.

இந்த அளவுகோலை எனக்குத் தந்தவர் என் அம்மா. வைத்திக்குப்பத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகள் இந்த மார்க்கெட்டில் மீன் விற்றார். விடியுமுன் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம். ஆண்களோடு போட்டியிட்டுக் குரல் கொடுத்து மீன் எடுக்கவேண்டும். செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பார். விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பார். இரண்டுக்கும் சேர்ந்து மூன்று நொடி. பிறகு ஐஸ், ஆட்டோ, சும்மாடு, அன்னக்கூடை. மார்க்கெட்டில் அமர்ந்ததும் சங்கராவும் காரப்பொடியும் கூறு கட்டப்படும். வஞ்சிரம் மட்டும் எடை. மாலையில் தண்டல்காரர் வருவார். ஆயிரம் ரூபாய் தண்டல் என்றால் நூறு ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு தொள்ளாயிரம் கொடுப்பார்கள். நாளொன்றுக்குப் பத்து ரூபாயாக நூறு நாள் கட்டவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா இந்தக் கணக்கை நான்கு பேரிடம் ஒரே காலத்தில் வைத்திருந்தார். ஒருநாளும் தவறியதில்லை.

எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது ஒரு திரைப்படத்துக்குச் சென்றோம். கடற்புரத்துக் கதை. கதாநாயகி மணலில் ஓடினாள், அலையில் நனைந்தாள், காதலனுக்காக அழுதாள். இடைவேளையில் அம்மா என்னிடம் மெல்லக் கேட்டார்: "ஏம்மா, இந்தப் பொண்ணு எதைத் தின்னு உசுரோட இருக்குது? முதல்லேருந்து பாக்குறேன், கையில ஒண்ணுமே காணோமே!"

அதன்பின் நான் படித்த இலக்கியத் திறனாய்வு நூல்கள் பல. அவற்றுள் எதுவும் இவ்வளவு சுருக்கமாக என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்டதில்லை.

நாடகத்தைப் பற்றிப் பேசுவதற்குப் புதுவைக்கு ஓர் உரிமை உண்டு. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922ஆம் ஆண்டு இங்கேதான் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. அவர் காலத்துப் பாலர் நாடக சபைகளில் வள்ளி, சாவித்திரி, பவளக்கொடி என எல்லாப் பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே நாடகக் குழு நடத்தியதும் உண்மைதான். ஆயினும் பெருவழக்கு அதுவன்று. ஆண் எழுதி, ஆண் நடித்து, ஆண்கள் திரளாக இருந்து பார்த்த பெண்மை அது. அதற்காக அந்நாடகங்களை ஒதுக்கிவிட முடியாது. சுவாமிகள் எழுதிய 'அல்லி அர்ஜுனா'வின் அல்லியை எண்ணிப் பாருங்கள். மதுரையை ஆண்ட அரசி, ஆணுக்கு அஞ்சாதவள். நாட்டார் கதையில் அவளை அர்ச்சுனன் போரிட்டு வெல்லவில்லை. பாம்பு வடிவில் புகுந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். விழித்திருந்த வரையில் அவளை யாராலும் பணியவைக்க முடியவில்லை என்று கதையே ஒப்புக்கொள்கிறது! இருந்தும் நம் பேச்சுமொழியில் 'அல்லி ராஜ்ஜியம்' என்பது கேலிச்சொல்லாகவே தங்கியது. பெண் கோலோச்சும் வீடு என்றாலே ஒரு நகைப்பு.

மீன் விற்கும் பெண்ணின் நிலையும் அதுபோன்றதே. நம் திரைப்படங்களில் அவள் நெடுங்காலம் நகைச்சுவைக் காட்சிக்கு உரியவளாக இருந்தாள். உரத்த குரல், வெற்றிலை வாய், வசைமாரி. நாகரிகம் என்று நினைத்துக்கொள்வோர் ஒரு பெண்ணைத் திட்ட விரும்பினால் அவள் பேச்சை மீன் சந்தையோடுதான் ஒப்பிடுவார்கள். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் விலை கேட்கும் இடத்தில், ஏலக்காரன் காதுக்கு எட்டவேண்டிய இடத்தில், குரலைத் தாழ்த்திப் பேசுபவளிடம் மீன் அழுகிப்போகும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

கடற்கரைப் பெண்ணை மையமாகக் கொண்ட புகழ்பெற்ற நாவல் தகழியின் 'செம்மீன்'. 1956இல் மலையாளத்தில் வெளிவந்தது, சுந்தர ராமசாமி தமிழாக்கினார், 1965இல் திரைப்படமாயிற்று. கணவன் கடலில் இருக்கையில் அவன் உயிரைக் காப்பது கரையிலிருக்கும் மனைவியின் கற்பு என்னும் நம்பிக்கையின்மீது கதை நிற்கிறது. கறுத்தம்மா காதலித்தவனோடு பிணமாகக் கரை ஒதுங்குகிறாள். அவள் கணவன் கடலில் மாள்கிறான். உருக்கமான படைப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே நாவலில் சக்கி என்று ஒரு தாய் இருக்கிறாள். மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்குபவள். படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: கறுத்தம்மாவை எல்லாரும் சொல்வார்கள், சக்கியின் பெயர் பலருக்கு நினைவிராது. புயல் எப்படி வருகிறது என்பதை எங்கள் குப்பத்துப் பெண்கள் வானொலியில் கேட்டு அறிந்தவர்கள். காற்றின் பழியைத் தங்கள் ஒழுக்கத்தின்மேல் சுமத்திக்கொள்ள அவர்களுக்கு நேரமும் இருந்ததில்லை.

தமிழில் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) எனக்கு நெருக்கமானது. பிலோமியைக் காதலன் கைவிடுகிறான். வழக்கமான கதையென்றால் அவள் கடலில் விழவேண்டும், அல்லது அவனைச் சபிக்கவேண்டும். பிலோமி இரண்டையும் செய்வதில்லை. வாழ்ந்துகொண்டிருக்கிறாள். இதை எழுதுவது சாவை எழுதுவதைவிடக் கடினம். ராஜம் கிருஷ்ணன் வேறொரு வழியில் சென்றார். எழுதவேண்டிய மக்களை அவர்கள் இடத்திலேயே சென்று கண்டு பழகியபின் எழுதுவது அவர் முறை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' நாவலில் பொன்னாச்சியின் கைகால்களை உப்பு என்ன செய்கிறது என்பது கதைக்கு வெளியே இல்லை, அதுவே கதை.

திரையிலும் விதிவிலக்குகள் உண்டு. பாரதிராஜாவின் 'முதல் மரியாதை' (1985) குயில் படகோட்டிப் பிழைப்பவள். அவள் காதலைவிடத் துடுப்புப் பிடிக்கும் கைகளே அம்மாவுக்குப் பிடித்திருந்தன. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) கவிதாவோ சம்பளம் வாங்கி ஒரு குடும்பத்தையே சுமப்பவள். அப்படத்தின் மீது எனக்கு மதிப்பும் உண்டு, ஒரு மனத்தாங்கலும் உண்டு. பெண் சம்பாதித்தால் அதற்கு விலையாகத் தன் வாழ்வை இழந்தே தீரவேண்டுமா? எங்கள் தெருவில் சம்பாதித்த பெண்கள் இழந்தார்கள்; வாங்கினார்கள்; சிரித்தார்கள்; பெண்ணுக்குத் தோடு செய்து போட்டார்கள். தியாகிகளாக வாழ்வதாக அவர்கள் எவரும் நினைத்துக்கொள்ளவில்லை.

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1929ஆம் ஆண்டிலேயே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: புனைகதைகளில் பெண்கள் பெரும்பாலும் ஆண்களோடு உள்ள உறவில் வைத்தே காட்டப்படுகிறார்கள், இரு பெண்கள் தோழியராக வரும் கதைகள் அரிது. அமெரிக்க ஓவியர் ஆலிசன் பெக்டெல் 1985இல் இதையே ஒரு சித்திரக்கதையில் தேர்வாக மாற்றினார். ஒரு படத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்கவேண்டும். அவர்கள் தமக்குள் பேசவேண்டும். அந்தப் பேச்சு ஓர் ஆணைத் தவிர வேறெதையாவது பற்றியதாக இருக்கவேண்டும். எளிய தேர்வுதான். தோற்கும் படங்களின் எண்ணிக்கைதான் வியப்பளிக்கிறது. அம்மாவும் பக்கத்துக் கூடைக்கார அக்காவும் பல ஆண்டுகள் அடுத்தடுத்து அமர்ந்திருந்தார்கள். ஐஸ் விலை, மழை, முழங்கால் வலி, சீட்டுப் பணம், என் தேர்வு மதிப்பெண் என்று நாள் முழுதும் பேச்சு ஓடும். இருவரின் கணவன்மாரும் அதில் எப்போதாவது தலைகாட்டுவார்கள்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட நம் கவிதையில் இத்தகைய இருவர் இருக்கிறார்கள். நற்றிணையின் 45ஆம் பாடலில் கடற்கரைச் சிற்றூரின் பரதவர் மகளை நாடி, கடைத்தெருக்கள் நிறைந்த மூதூரிலிருந்து தேர்ச்செல்வனின் மகன் வருகிறான். தோழி அவனைத் தடுக்கிறாள். சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவைகளை விரட்டிக்கொண்டிருக்கிறோம். எங்கள்மேல் புலால் நாறுகிறது. சற்று எட்டி நில்லுங்கள். எங்கள் வாழ்க்கை சிறிதாயினும் எங்களிலும் சிறந்தவர் உண்டு என்கிறாள். கல்லூரியில் இப்பாடலைப் படித்த நாளன்று அதை அம்மாவுக்குச் சொன்னேன். அவர் காதலைப் பற்றியோ குலப் பெருமையைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை. "காயப்போட்ட நேரத்துல வந்து பேச்சுக் குடுத்தா வேற என்ன சொல்லுவாங்க? அதுக்குள்ள காக்கா எத்தினி துண்டத் தூக்கினு போச்சோ!" என்றார்.