அட்டைச் சுவரில் மழைக்கறை

கடையில் வாங்கிய பொம்மை இரயில் நிலையத்தில் ஒரு குறை உண்டு. அது மிகவும் சுத்தமாக இருக்கும். சுவரில் ஒரு கீறல் இராது. கூரையில் துரு இராது. படிக்கட்டின் நடுப்பகுதி தேய்ந்திராது. யாரும் அங்கே ஏறி இறங்கியதாகவே தெரியாது. மாதிரி இரயில் பாதை அமைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் முதலில் இந்தச் சுத்தத்தோடுதான் போராடுகிறார்கள். அட்டையை வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி முடித்தால் அவர்களுடைய வேலையில் பாதிதான் முடிந்திருக்கும். அந்தப் புதுக் கட்டடத்தின்மேல் ஐம்பது ஆண்டு மழையையும் வெயிலையும் புகையையும் ஏற்றுவது மீதிப் பாதி. அதைப் பழமையூட்டல் என்று சொல்லலாம். புதிதாகச் செய்த பொருளை வேண்டுமென்றே அழுக்காக்குவதா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள்.

இந்தப் பொழுதுபோக்கு பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய இடங்களில் வளர்ந்தது. ஆனால், அதற்கு ஏற்ற வட்டாரம் நம் நாட்டிலும் இருக்கிறது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் அத்தகையது. 1881ஆம் ஆண்டு கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் தாக்கின. பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையும் கொண்ட வீடுகள் அழிந்தன. இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று அன்றைய நிர்வாகம் வலியுறுத்தியது. செங்கல் சூளைகள் இந்தப் பகுதியில் பெருகின. பெயரும் அதனால் வந்தது. 1886ஆம் ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை இரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னர், சரக்குப் பெட்டிகளைப் பிரித்தும் கோத்தும் வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பும் பெரிய யார்டு பிரிக்பீல்ட்ஸில் அமைந்தது. தண்டவாளம் போடவும் பாதையைப் பராமரிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் உழைத்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களில் பலர் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் பணியாற்றினர். ஊழியர்களுக்கு வரிசை வீடுகள் எழுந்தன. ஜாலான் ரோசாரியோ, ஜாலான் சான் ஆ தோங் ஓரமாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ‘நூறு குவார்ட்டர்ஸ்’ அவற்றுள் பெயர்பெற்றது.

அந்த யார்டு இன்று இல்லை. அது இருந்த நிலத்தில்தான் கேஎல் சென்ட்ரல் எழுந்தது. 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நாள்தோறும் அதன் வழியே பள்ளிக்குச் செல்லும் மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்த நிலத்தின் கதை தெரியும்? புதிய நிலையம் வந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வளரும் நகருக்கு அது வேண்டியதுதான். ஆனால், அளவெடுக்காமல் இடித்துவிட்ட கட்டடத்தைப் பிறகு யாராலும் அளவெடுக்க முடியாது. மாதிரி செய்பவருக்கு இது வெறும் வருத்தம் அன்று; கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடும் சிக்கல். கதவு எத்தனை அடி உயரம்? சன்னலுக்குப் பச்சை வண்ணமா, சாம்பலா? கூரை ஓடா, தகரமா? கட்டடம் நின்றால் நேரில் போய்ப் பார்க்கலாம். இல்லையென்றால் பழைய புகைப்படம்தான் கதி. அதுவும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை.

பிரிக்பீல்ட்ஸில் வளரும் ஒரு மாணவி, தன் தாத்தா வேலை பார்த்த காலத்து வரிசை வீடு ஒன்றை மாதிரியாகச் செய்ய நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு முதலில் வேண்டியது பசையும் கத்தியும் அல்ல, அளவு. வீட்டார் அனுமதியோடு சுவரருகே ஓர் அளவுகோலை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டால் போதும். படத்திலுள்ள கோலைக் கொண்டு கதவையும் சன்னலையும் கணக்கிட்டுவிடலாம். செங்கல் வெளியே தெரிந்தால் இன்னும் எளிது. ஒரு வரிசையின் உயரத்தை அளந்து, வரிசைகளை எண்ணினால் சுவரின் உயரம் கிடைத்துவிடும்.

உலகில் பலரும் பின்பற்றும் அளவு 1:87. உண்மைப் பொருளின் 87 மில்லிமீட்டர், மாதிரியில் ஒரு மில்லிமீட்டர். இந்தக் கணக்கில் 2.1 மீட்டர் கதவு 24 மில்லிமீட்டராகச் சுருங்கும். ஆறு மீட்டர் முகப்பு ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர். கடை வரிசையின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதை 17 அல்லது 18 மில்லிமீட்டர். அதில் நடக்கும் மனிதர் 19 மில்லிமீட்டர் உயரமே இருப்பார். நம் நாட்டு இரயில் பாதையின் அகலம் ஒரு மீட்டர். அது பதினொன்றரை மில்லிமீட்டராகும். கடைகளில் அதிகம் விற்கும் 16.5 மில்லிமீட்டர் பாதை இதற்குப் பொருந்தாது. அது 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதை கொண்ட நாடுகளுக்காகச் செய்தது. 12 மில்லிமீட்டர் பாதையைத் தேடி வாங்க வேண்டும். இதைக் கவனிக்காமல் பெரிய பாதையைப் போட்டால் வண்டி ஓடும். ஆனால், அது மலாயாவில் ஓடாது.

பொருள்களுக்குப் பெரிய செலவில்லை. தானிய உணவு வரும் அட்டைப்பெட்டி சுவராகும். ஐஸ்கிரீம் குச்சி தூணாகும். நெளிதகரக் கூரைக்கு அலுமினியத் தாளைப் பேன் சீப்பின்மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் பல்லிடுக்குகளில் அழுத்தி இழுத்தால் போதும். உண்மையான தகரத்தின் நெளிவுகள் ஏறத்தாழ 76 மில்லிமீட்டர் இடைவெளியில் வரும். 1:87 அளவில் அது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. பேன் சீப்பின் பல்லும் அவ்வளவு நெருக்கம்தான். பாட்டியின் அலமாரியில் ஒன்று கிடைக்காமலா போகும்? குடித்து முடித்த தேநீரின் தூளைக் காய வைத்தால், மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் சருகு தயார்.

வண்ணம் பூசும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தூரத்தில் உள்ள பொருளின் நிறம் நம் கண்ணுக்குச் சற்று வெளுத்தே தெரியும். 1:87 மாதிரியை ஒரு முழத் தொலைவிலிருந்து பார்ப்பது, உண்மைக் கட்டடத்தை நாற்பது மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். எனவே, கறுப்புக்குப் பதிலாகக் கரும்சாம்பல், தூய வெள்ளைக்குப் பதிலாகப் பழுப்பேறிய வெள்ளை என்று எல்லாவற்றையும் ஒரு படி குறைத்தே பூசுவார்கள்.

அதன் பிறகுதான் பழமையூட்டல். ஒரு பங்கு கரும்பழுப்பு வண்ணத்தில் பத்துப் பங்கு தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் கலந்து சுவரில் தடவினால், அது தானாக ஓடிப் பள்ளங்களில் தங்கும். செங்கல் இடுக்குகளும் பலகைக் கோடுகளும் எடுப்பாகத் தெரியும். அடுத்து, தூரிகையில் உள்ள வண்ணத்தைக் காகிதத்தில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் மேடான விளிம்புகளை மட்டும் வருடினால், வெயிலில் வெளுத்த தோற்றம் வரும். சுண்ணக்கட்டியை உப்புத்தாளில் தேய்த்தெடுத்த தூள், தூசிக்கும் புகைக்கும் உதவும். வண்ணம் உரிந்த சன்னல் வேண்டுமா? முதலில் மரநிறம் பூசிக் காய விடுங்கள். அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைத் தெளித்து, பிறகு நீரில் கரையும் பச்சை வண்ணத்தைப் பூசுங்கள். சற்று நேரம் கழித்து ஈரத் தூரிகையால் தேய்த்தால், பச்சை அங்கங்கே பெயர்ந்து மரம் எட்டிப் பார்க்கும்.

இவை யாவும் கைப்பழக்கத்தில் வந்துவிடும். எங்கே பூசுவது என்பதுதான் கடினம். வெளிநாட்டுப் பெட்டிகளோடு வரும் குறிப்புகள் இங்கே அதிகம் கைகொடுப்பதில்லை. அவை பனியையும் வறண்ட காற்றையும் கண்ட கட்டடங்களுக்கு எழுதியவை. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. இங்கே சுவர் முதுமை அடையும் விதமே வேறு. மழைநீர்க் குழாய் ஒழுகும் இடத்தில் பாசியின் கறுப்புக் கோடு மேலிருந்து கீழாக இறங்கும். தாழ்வாரத்துத் தண்ணீர் செம்மண்ணில் விழுந்து தெறித்து, சுவரின் அடிப்பாகம் முழங்கால் உயரத்துக்குச் சிவந்திருக்கும். விரிசலில் ஆலஞ்செடி முளைத்திருக்கும். நிழல் பக்கம் பச்சை. வெயில் பக்கம் வெளுப்பு. கறை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே ஓடியது என்று தெரியாதவர் பூசும் கறை, வெறும் அழுக்காகவே நின்றுவிடும்.

இரயில்வே வட்டாரத்தில் இன்னொன்றும் சேரும். அந்த மாணவி தாத்தாவிடம் கேட்கிறாள்:

“தாத்தா, குவார்ட்டர்ஸ் சுவர் என்ன நிறம்?”

“வெள்ளைதானம்மா. ஆனால், வெள்ளையாக இருந்து நான் பார்த்ததே இல்லை.”

விந்தையான பதில்தான், ஆனால், இரயில் பாதையை ஒட்டி வாழ்ந்த எவரும் சொல்லக்கூடியது. நிலக்கரிப் புகை ஒரு பக்கம். மறுபக்கம், வார்ப்பிரும்புத் தடைக்கட்டைகள் சக்கரத்தில் உரசும்போது மெல்லிய இரும்புத்தூள் பறக்கும். அது சரளைக் கல்லிலும் கட்டைகளிலும் அருகிலுள்ள சுவரிலும் படிந்து துருப்பிடிக்கும். தண்டவாளத்தைச் சுற்றி எல்லாமே செம்பழுப்பாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். தாத்தாவின் நினைவும் இரும்புத்தூளின் கணக்கும் ஒத்துப்போகிற இடத்தில் அந்தச் சுவரின் நிறம் கிடைத்துவிடுகிறது.

இதில் மிகைப்படுத்தும் ஆபத்தும் உண்டு. பழமையூட்டக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் பலர் எல்லாக் கூரைகளையும் ஓட்டையாக்குவார்கள். எல்லாச் சுவர்களையும் சாய்ப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், ஊழியர் குடியிருப்புகளில் மனிதர்கள் வாழ்ந்தார்கள். தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வாசலைக் கூட்டிக் கோலமிட்டார்கள். உடைந்த பலகையை மாற்றினார்கள்; மாற்றிய பலகை மட்டும் புது நிறத்தில் தனித்துத் தெரிந்தது. நிலைப்படியில் மாவிலைத் தோரணமும் கொடியில் துணியும் வாசலில் துளசிச் செடியும் இருந்தன. அழுக்கை மட்டும் பூசினால் அது கைவிடப்பட்ட வீடாகும், குடியிருந்த வீடாகாது. உழைத்தவர்களின் வாழ்க்கையைப் பாழடைந்த காட்சியாக மாற்றுவது அவர்களுக்குச் செய்யும் நியாயமும் அன்று. புதுப் பலகை ஒன்றையும் அதே கவனத்தோடு வைக்க வேண்டும்.

மறைந்துகொண்டிருப்பதை மாதிரியில் பிடித்து வைக்க முயன்றவர்கள் வேறு நாடுகளிலும் உண்டு. 1925ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற ராய் இங்கிலாந்து என்னும் இளைஞர், கிராமத்து வீடுகள் கண்ணெதிரே மாறுவதைக் கண்டு, அவற்றை ஒவ்வொன்றாக அளந்து 1:76 அளவில் செய்யத் தொடங்கினார். ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் உள்ள பெண்டன் அருங்காட்சியகம் அந்த முயற்சியில் பிறந்தது. அங்கே ஒரே ஒரு குடிசையை முடிக்கத் தொண்டர்கள் மாதக்கணக்கில் உழைப்பார்கள். அமெரிக்காவின் மாண்டெரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலனோ, மாதிரிகள் பளபளப்பாக இருந்த காலத்தில் அவற்றுக்குத் துருவும் தூசியும் ஊட்டிக் காட்டிப் பலருக்கு வழிகாட்டினார். அவர் 1973ஆம் ஆண்டு மறைந்த சில நாள்களிலேயே அவருடைய மாதிரி உலகம் தீ விபத்தில் அழிந்தது. அவர் புகைப்படக் கலைஞராகவும் இருந்ததால் படங்கள் எஞ்சின. அட்டை வீட்டையும் படம் பிடித்து வைக்க வேண்டும் போலும்!

பிரிக்பீல்ட்ஸில் இந்தக் கலைக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு பயனும் இருக்கிறது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் அமைந்திருக்கிறது. வெள்ளைக்கோலோடு நடப்பவர்களை இந்தத் தெருக்களில் அன்றாடம் காணலாம். ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வடிவமைத்து 1910ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய கோலாலம்பூர் இரயில் நிலையம் இங்கிருந்து தொலைவில் இல்லை. அதன் குமிழ் மாடங்களும் வளைவுகளும் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லால் விளக்குவது எளிதன்று. மாதிரி இருந்தால் விரலே அறிந்துகொள்ளும். பிரெய்ல் புள்ளியின் உயரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அந்தப் புள்ளியைப் படிக்கும் விரல், சுவரின் மேடு பள்ளங்களையும் உணர்ந்துவிடும்.

ஆனால், அத்தகைய மாதிரியைச் செய்பவர் முறையை மாற்ற வேண்டும். சுண்ணத்தூள் விரலில் ஒட்டும். தண்ணீரில் கரைத்துப் பூசிய கறை தொட்டால் தெரியாது. அளவைச் சற்றுப் பெரிதாக்கி, பாசிக்கு மெல்லிய மணலையும் துருப்பிடித்த தகரத்துக்கு உப்புத்தாளையும் ஒட்டலாம். உரிந்த வண்ணத்துக்குக் காகிதத்தைக் கிழித்து ஒட்டலாம். மாற்றிய புதுப் பலகை மட்டும் வழவழப்பாக இருக்கட்டும்.