மூன்று மணி பஸ்

அந்த அம்மா சம்மனை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்து, நான்காக மடித்து இடுப்பில் செருகியிருந்தார். கொலை வழக்கு. கண்ணால் பார்த்த சாட்சி, அரசுத் தரப்புச் சாட்சி எண் 2, சுருக்கமாக அ.சா.2. இறந்தவர் குடும்பத்துக்காக அரசுத் தரப்புக்கு உதவியாக நான் ஆஜராகிறேன். உள்ளே என்ன கேட்பார்கள், எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்பார் என நினைத்துத்தான் பக்கத்தில் போனேன்.

"வக்கீலய்யா, மூணு மணிக்குள்ள விட்ருவாங்களா?"

"ஏம்மா, வீட்ல வேலை கெடக்கா?"

"மூணு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது அஞ்சரைக்குத்தான். அதுலதான் அவுங்களும் ஏறுவாங்க."

'அவுங்க' அதே வராந்தாவின் மறுகோடியில் நின்றார்கள். ஜாமீனில் வந்த மூன்று பேர். ஊர் ஒன்று, பஸ் ஒன்று, நீதிமன்ற வாசலில் டீக்கடையும் ஒன்று. அன்றைக்கு நீதிபதி விடுப்பு. பன்னிரண்டு மணிக்கெல்லாம் வாய்தா கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று மணி பஸ் கிடைத்துவிடும் என்று தெரிந்ததும் அந்த அம்மா முகத்தில் வந்த தெளிச்சியைப் பார்த்து எனக்குத்தான் மனசு தாளவில்லை. உண்மையைச் சொல்லக் கிளம்பி வந்தவர், சொல்லாமல் திரும்புவதில் நிம்மதி அடைகிறார்.

*

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். அந்தப் பழமொழியில் சாட்சிக்காரன் பெரிய ஆள். அவன் வாயில்தான் வழக்கு இருக்கிறது. அவனிடம் போய்க் கெஞ்சுவதைவிட எதிராளியோடு நேரே பேசித் தீர்த்துக்கொள் என்று அறிவுரை. இருபது வருஷத் தொழிலில் நான் பார்த்தவரை, காலில் விழுகிற இடத்தில் இருப்பவன் சாட்சிக்காரன்தான். பழமொழி பிறந்த காலத்துச் சாட்சிக்குப் பின்னால் ஊர் நின்றிருக்க வேண்டும். இன்றைய சாட்சிக்குப் பின்னால் ஒரு சம்மன் மட்டும் இருக்கிறது.

*

'பிறழ்சாட்சி' என்ற சொல்லை நாங்கள் தினமும் புழங்குகிறோம். போலீசாரிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை. போடக் கூடாது என்பதே சட்டம். அடித்து எழுதி வாங்கிவிடக் கூடாதே என்பதற்காக வைத்த நல்ல ஏற்பாடு அது. கூண்டில் ஏறி "நான் அப்படிச் சொல்லல" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அரசு வழக்கறிஞர் நீதிபதியின் அனுமதி பெற்றுத் தன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்வார். பிறகு தீர்ப்பில் ஒரு வரி: அ.சா.2 பிறழ்சாட்சியாகிவிட்டார். அவரைப் பிறழவைத்தது யார் என்று விசாரிக்கும் வரியை நான் மிக அபூர்வமாகத்தான் படித்திருக்கிறேன்.

சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பொய்ச்சாட்சி சொல்லச் சொல்லி மிரட்டுவது 2006இல் தனிக் குற்றமாக இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது, 195ஏ. ஏழு ஆண்டு வரை சிறை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது அது 232. அந்தப் பிரிவில் ஒரு வழக்காவது நடத்தியிருக்கிறாயா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை.

*

மிரட்டல் என்றதும் அரிவாள் நினைவுக்கு வரும். நான் கேட்டவற்றை எழுதிவைக்கிறேன்.

"பாப்பா டியூஷன் முடிஞ்சு எட்டு மணிக்குத்தான வருது?" இவ்வளவுதான் விசாரிப்பு. சிரித்த முகத்தோடு.

களையெடுக்க எல்லோரையும் கூப்பிட்டு ஒருவரை மட்டும் விடுவது.

கோயில் கொடைக்கு வரி வாங்காமல் போவது. வரி வாங்கவில்லை என்றால் அந்தக் குடும்பம் ஊரில் இல்லை என்று அர்த்தம்.

சொந்தக்காரரையே தூது விடுவது. "மாமா, ஊரோட பகைச்சுக்கிட்டு நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு யாரு வருவா?" இதைச் சொல்கிறவர் கண்ணிலும் தண்ணீர். அவரும் பயந்துதான் வந்திருக்கிறார்.

இவற்றில் எதை எடுத்துக்கொண்டு போய் எஃப்.ஐ.ஆர் போடுவது?

*

வினோத் குமார் எதிர் பஞ்சாப் அரசு, உச்ச நீதிமன்றம், 2015. லஞ்ச வழக்கு. ஒரு சாட்சியின் முதல் விசாரணை 1999 செப்டம்பரில் முடிகிறது. குறுக்கு விசாரணை நடந்தது 2001 மே மாதம். நடுவில் சுமார் 20 மாதம். திரும்பக் கூண்டேறியபோது சாட்சி தலைகீழாகப் பேசினார். நீதிமன்றம் மனம் நொந்து எழுதிய தீர்ப்பு அது. சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால் நாள்தோறும் தொடர்ந்து நடத்த வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே உண்டு. புதிய சட்டத்திலும் உண்டு. அப்படியும் "எதிரிகளின் வழக்கறிஞருக்கு வேறு நீதிமன்றத்தில் வேலை" என்று ஒரு மனு வந்தால் வாய்தா கிடைத்துவிடுகிறது.

அந்த 20 மாதத்தை மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். இரண்டு பொங்கல், இரண்டு தீபாவளி. சாட்சி சொன்ன பாதி வாக்கியம் ஊர் முழுக்கத் தெரியும், மீதிப் பாதி அவர் வாயில் இருக்கிறது. பேரம் பேச, பயமுறுத்த, அழுது காட்ட இதைவிட நல்ல காலம் யாருக்குக் கிடைக்கும்? சாட்சியைக் காப்பாற்றுவது என்றால் துப்பாக்கி ஏந்திய காவலர் என்று நினைக்கிறோம். எல்லாவற்றுக்கும் முந்திய பாதுகாப்பு, முதல் விசாரணையையும் குறுக்கு விசாரணையையும் ஒரே நாளில் முடிப்பது. அதற்குப் பணமே வேண்டாம்.

*

2018 டிசம்பர் 5. மகேந்தர் சாவ்லா வழக்கு. நீதிபதிகள் ஏ.கே.சிக்ரி, எஸ்.அப்துல் நசீர். சாமியார் ஆசாராம் மீதான பாலியல் வழக்கின் சாட்சிகள் தாக்கப்பட்டதிலிருந்து எழுந்த மனு. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் நாடு முழுவதும் சட்டம்போல நடைமுறைக்கு வந்தது இந்தத் தீர்ப்பால்தான். மனு போடுகிற இளைய வழக்கறிஞர்களுக்காக, சுருக்கமாக:

மாவட்டந்தோறும் ஒரு குழு. மாவட்ட அமர்வு நீதிபதி தலைவர், மாவட்டக் காவல் தலைவர் உறுப்பினர், அரசு வழக்கு நடத்தும் துறையின் தலைவர் உறுப்பினர் செயலர். மனு வந்ததும் உட்கோட்ட டி.எஸ்.பி. அச்சுறுத்தல் அறிக்கை தர வேண்டும். ஐந்து வேலை நாள். உயிருக்கே ஆபத்து என்றால் ஏ பிரிவு. உடல், மானம், சொத்துக்கு ஆபத்து என்றால் பி. தொல்லை, மிரட்டல் என்ற அளவில் இருந்தால் சி. விசாரணை மூடிய அறையில். கேட்கக்கூடியவை: வீட்டுக்குக் கேமரா, கதவு, ரோந்து, தொலைபேசி எண் மாற்றம், தற்காலிகமாக வேறு இடம், நீதிமன்றம் வரப் போகத் துணை, சாட்சியும் எதிரியும் முகத்துக்கு முகம் பார்க்காத ஏற்பாடு, அடையாள மறைப்பு, பிழைப்புக்குப் பண உதவி.

நல்ல பட்டியல். ஆனால் ஒரு உத்தரவு ஒரு நேரத்தில் மூன்று மாதத்துக்கு மேல் இல்லை. வழக்கோ ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. சாட்சி எத்தனை முறை போய் "நான் இன்னும் பயந்துதான் இருக்கிறேன்" என்று நிரூபிப்பார்? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு திட்டம் வகுத்தே ஆக வேண்டும் என்கிறது. அந்தத் திட்டங்களிலாவது சாட்சியம் முடியும்வரை என்று கால அளவு இருக்கட்டும்.

*

அச்சுறுத்தல் அறிக்கை போலீஸிடம். மிரட்டுகிறவர் போலீஸ் என்றால்?

சாத்தான்குளம், 2020 ஜூன். ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடிபட்டு, கோவில்பட்டியில் சிறைக் காவலில் இருந்தபோது அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பி, நீதித்துறை நடுவர் அந்தக் காவல் நிலையத்துக்கே போய் விசாரித்தார். அங்கே ஒரு பெண் தலைமைக் காவலர் நடந்ததைச் சொன்னார்: இரவு முழுக்க அடித்ததை, லத்தியிலும் மேசையிலும் இருந்த ரத்தக் கறையை. சொன்னதில் கையெழுத்துப் போட அவருக்கு வெகு நேரம் ஆனது. வெளியே உடன் வேலை பார்க்கும் காவலர்கள் மரத்தடியில் நின்று ஒட்டுக்கேட்டு மிரட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நடுவர் அறிக்கையில் எழுதினார். நடுவரையே ஒரு காவலர் அவமதித்துப் பேசினார். நீதிமன்றம் அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் பொறுப்பில் விடச் சொன்னது. அந்தப் பெண்ணுக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது.

காக்கி உடுப்பும் வேலையும் சம்பளமும் உள்ள ஒருவருக்கே பேனாவைத் தாளில் வைக்க அவ்வளவு நேரம் ஆனது. களையெடுக்கப் போகிற என் அ.சா.2வைப் பற்றி, வாய்தா ஆன அன்று இரவு வெகுநேரம் யோசித்தேன்.

*

கோகுல்ராஜ் வழக்கு. 2015 ஜூன். சாதி ஆணவக் கொலை. கொல்லப்பட்ட கோகுல்ராஜோடு திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போயிருந்த தோழி முக்கிய சாட்சி. கூண்டில் பிறழ்ந்தார். வழக்கைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு கோயில் கேமரா பதிவுக்கு. நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்ட வழக்கில் 2022 மார்ச்சில் 10 பேர் தண்டிக்கப்பட்டார்கள். 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் அதைப் பெருமளவு உறுதி செய்தது. இடையில் உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணை அழைத்துப் பதிவைக் காட்டிக் கேட்டது. அதில் இருப்பது தான் இல்லை என்றார். நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை தொடங்கியது.

கேமராவை யாரும் மிரட்ட முடியாது. கேமரா இல்லாத வாய்க்கால் வரப்பில் நடக்கும் கொலைக்கு மனிதர்தான் சாட்சி. பொய் சொன்னவரை நீதிமன்றம் கண்டிக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் வடோதரா பெஸ்ட் பேக்கரி வழக்கு நினைவுக்கு வருகிறது. 2002 குஜராத் கலவரத்தில், மார்ச் 1 இரவு, 14 உயிர். சாட்சிகள் பிறழ்ந்து 2003இல் குற்றம் சாட்டப்பட்ட 21 பேரும் விடுதலை. உச்ச நீதிமன்றம் 2004இல் மகாராஷ்டிரத்தில் மறுவிசாரணைக்கு உத்தரவிட, மும்பையில் 9 பேர் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டில் அது 4 ஆனது. வாக்கு மாறி மாறிப் பேசிய இளம்பெண் சாட்சிக்கு 2006இல் ஓராண்டுச் சிறை. தன் குடும்பத்தாரை எரித்ததைப் பார்த்தவர் அவர். சாட்சியைக் காக்கத் தவறுவதும் நாம், தவறிய பின் தண்டிப்பதும் நாம் என்றால், அடுத்த சாட்சி எதைக் கற்றுக்கொள்வார்?

*

குழந்தைகள். போக்சோ சட்டத்தில் ஒவ்வொரு வரியும் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து எழுதியது. வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது. குறுக்குக் கேள்வியை வழக்கறிஞர் நேரே கேட்கக் கூடாது, நீதிபதி வழியாகத்தான். குழந்தை எதிரியைப் பார்க்க நேரக் கூடாது. குழந்தை சொல்வதைக் கேட்கவும் தன் வழக்கறிஞரிடம் பேசவும் எதிரிக்கு முடிந்தால் போதும். டெல்லி கர்கர்டூமா நீதிமன்ற வளாகத்தில் 2012இல் இதற்கெனத் தனி இடமே அமைந்தது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், எளிதில் நலியக்கூடிய சாட்சி என்ற வரையறையைக் குழந்தைகளைத் தாண்டி விரித்தது: பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், மனநோய் உள்ளவர்கள், பேச்சிலோ கேட்பதிலோ குறையுள்ளவர்கள், அச்சுறுத்தலில் இருக்கும் எவரும். திரை போட்டால் எதிரியின் உரிமை போய்விடும் என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. குறுக்கு விசாரணை அப்படியேதான் இருக்கிறது. கேள்வி போகிறது, பதில் வருகிறது. முறைத்துப் பார்ப்பது மட்டும்தான் நின்றுபோகிறது.

*

இலங்கையின் திருகோணமலை, 2006 ஜனவரி 2. கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்ற கதையைப் பொய்யாக்கியவை, துப்பாக்கிக் காயம் தெரியும் படங்கள். அவற்றை எடுத்த செய்தியாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். மகனை இழந்த மருத்துவர் ஒருவர் துணிந்து சாட்சி சொன்னார். நாட்டில் இருக்க முடியாமல் வெளியேறினார். 2015இல் இலங்கையில் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லை என்று குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். சட்டம் வரும்போது சாட்சிகள் ஊரில் இருக்க வேண்டும்.

*

அ.சா.2வின் அடுத்த வாய்தா. முந்தைய நாளே மனு போட்டேன்: இவரை முதலில் அழைக்க வேண்டும், குறுக்கு விசாரணையும் இன்றே முடிய வேண்டும், வராந்தாவில் நிற்கவைக்கக் கூடாது. புதிதாக வந்திருந்த நீதிபதி ஒத்துக்கொண்டார். அலுவலக அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. பதினொன்றே காலுக்குக் கூண்டேறினார். பிளாஸ்டிக் கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீதிபதியை மட்டும் பார்த்துச் சொன்னார். பார்த்ததைச் சொன்னார். இரண்டேகாலுக்கு முடிந்தது. ஒரு பெண் காவலர் மூன்று மணி பஸ்ஸில் ஊர்வரை கூடப் போனார்.

பத்து நாள் கழித்து போன்.

"களையெடுக்க யாரும் கூப்பிடலய்யா."

எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. அவரே சொன்னார்: "ரெண்டு வெள்ளாடு இருந்தாப் போதும்யா. யாரு கூப்பிடாட்டியும் பொழச்சுக்குவேன்."

திட்டத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். சாட்சி பிழைப்பை நடத்தவும் புதுத் தொழில் தொடங்கவும் நிதியிலிருந்து உதவி கேட்கலாம். மாவட்டக் குழுவுக்கு மனு எழுதி முடித்துவிட்டேன். கோரும் பாதுகாப்பு என்ற இடத்தில், வெள்ளாடு இரண்டு என்று எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை தாக்கல் செய்ய வேண்டும்.