சோழநாடு இல்லே... சோலனாய்டு!

திருவல்லிக்கேணியில் கார் வைத்திருப்பது வீரச் செயல். பெரிய தெருவில் எதிரே ஒரு தண்ணீர் லாரியும் பின்னால் ஒரு பசு மாடும் வந்துவிட்டால், அன்றைய பிரயாணம் அத்தோடு சரி!

அப்படியும் எங்கள் வீட்டில் ஒரு பழைய கார் இருக்கிறது. காரணம், அப்பா. அவருடைய இடது முழங்கால் கிளட்ச் மிதிக்க மறுத்த அன்று, ‘‘இனிமே நான் வண்டி ஓட்ட முடியாதாடா?’’ என்று கேட்டார். அந்தக் குரலுக்குப் பிறகு, பி.காம். படித்த எனக்கே கணக்குப் பார்க்க மனசு வரவில்லை. செகண்ட் ஹேண்டில் ஓர் ஆட்டோமேட்டிக் வாங்கினேன்.

போன மாசம் அதற்குத் திடீர் முதுமை. சிக்னலில் பச்சை விழுந்தால், பார்த்தசாரதி கோயில் தேர் நிலையை விட்டுக் கிளம்புகிற மாதிரி திணறல். முன்னால் வடம் கட்டாததுதான் பாக்கி. ஸ்பீடா மீட்டர் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு வேறு.

பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் கம்ப்யூட்டரைச் செருகி, ‘பி0753’ என்று படித்தார்கள். ‘‘சோலனாய்டு ஃபால்ட் சார். கியர்பாக்ஸையே மாத்திடலாம். 1,40,000 ஆகும்.’’

‘‘சோழநாடா? ஸ்பேர் தஞ்சாவூர்லேர்ந்து வரணுமா?’’ என்றாள் மனைவி. தொகையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, ‘‘வளையல் இருக்கே...’’ என்றாள். அப்பா பேப்பரை இன்னும் சற்று உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

‘‘கூவத்தைத் தாண்டினா புதுப்பேட்டை. பழைய கியர்பாக்ஸ் கிடைக்கும்’’ என்றான் நண்பன். முழுசாகப் போகிற வண்டி பார்ட் பார்ட்டாகத் திரும்புகிற புண்ணிய பூமி அது! பயந்துபோய், ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் வரிசை கட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஒதுங்கினேன். சந்துக்குள் ஒரு பாய். ஆட்டோ எலெக்ட்ரீஷியன்.

‘‘கம்ப்யூட்டர் தெருப் பேரைத்தான் சார் சொல்லும். கதவு நம்பரை நாமதான் தேடணும்’’ என்றார், டீயை உறிஞ்சியபடி.

விளக்கமும் இலவசம். சோலனாய்டு என்பது கம்பிச் சுருள். கரன்ட் பாய்ந்தால் காந்தமாகி, உள்ளே ஒரு சின்னத் தண்டை இழுக்கும். ஆயில் வழி திறக்கும் அல்லது மூடும். அந்த ஆயில் அழுத்தத்தில்தான் கியர் மாறும். சர்க்யூட்டில் கரன்ட் சரியாகப் போகவில்லை என்றால், கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக வண்டியை ஒரே கியரில் நிறுத்திவிடும். எங்கள் வண்டி மூன்றிலேயே கிளம்பிக்கொண்டிருந்திருக்கிறது. திணறாமல் என்ன செய்யும்?

முதலில் ஆயிலைப் பார்த்தார். கருகவில்லை. கியர்பாக்ஸ் பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தார்.

‘‘பூஜ்யம் பக்கம் வந்தா சுருள் ஷார்ட். முடிவே இல்லேன்னு காட்டினா உள்ளே அறுந்திருக்கு. இதைப் பாருங்க, 13 ஓம். நல்லாயிருக்கு!’’

12 வோல்ட்டை 13-ஆல் வகுத்தால் ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கும் புரிந்தது. பேட்டரியிலிருந்து ஒரு நொடி நேராகக் கரன்ட் கொடுத்தார். உள்ளேயிருந்து ‘டிக்’!

‘‘கேட்டுதா? உயிரோட இருக்கான். அவனுக்குச் சோறுதான் போகலே.’’

எனக்கு டிரையல் பேலன்ஸ் ஞாபகம் வந்தது. டேலி ஆகவில்லை என்றால் கடையையா விற்பார்கள்? எந்த என்ட்ரி தப்பு என்றல்லவா தேடுவார்கள்?

அடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கியர்பாக்ஸ் வரை ஒயரைச் சோதித்தார். தொடர்பே இல்லை. பேட்டரித் தட்டைத் தூக்கினார். அடியில் பஞ்சு, பொட்டலக் காகிதம், பாதி கடித்த தேங்காய்ச் சில்லு... நடுவில் பல் பட்டு அறுந்த ஒயர்!

‘‘எலி சார்!’’

சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, கோடை அழித்தார். 800 ரூபாய். விளக்கு அணைந்தது.

சாயங்காலம் அப்பாவே ஓட்டினார். பீச் ரோடில் கியர் ஒவ்வொன்றாக மாறியபோது, ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்பிப் பார்த்தார். பின் ஸீட்டில் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

ராத்திரி எலிப்பொறி வாங்கி, மசால் வடையைச் செருகினேன். அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

‘‘திருவல்லிக்கேணி எலிடா... ரத்னா கபே சாம்பார் ஊத்தாம எப்படி வரும்?’’