சேமஅச்சு

புறநானூற்றின் 102ஆம் பாடலை மேல்நிலை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது அது. உப்பேற்றிச் செல்லும் உமணர், வழியில் மேடும் பள்ளமும் எப்படியிருக்குமோ என்றெண்ணி, மாற்று அச்சு ஒன்றை வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு புறப்படுவர். அந்தச் சேமஅச்சைப் போன்றவன் நீ என்று புலவர் அவனைப் போற்றுகிறார். பொருள் சொல்லி முடித்ததும் கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான்.

“ஐயா, சேமஅச்சு என்றால் ஸ்டெப்னியா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, “ஏறக்குறைய அதுதான், உட்கார்” என்று அடுத்த பாடலுக்குச் சென்றுவிட்டேன்.

அன்று மாலை மரக்காணத்து உப்பளங்களின் ஓரமாக வீடு திரும்பினேன். புரட்டாசியின் கடைசி வாரம். தை, மாசியில் மிதித்து இறுக்கிய பாத்திகளில் அந்த ஆண்டின் இறுதி உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் எல்லாம் நீராகிவிடும். எஞ்சிய குவியல்களின்மேல் பனையோலை வேய்ந்திருந்தார்கள். அந்த ஓலையைப் பார்த்தபோதுதான் தாத்தாவின் நினைவு வந்தது.

தாத்தா உப்பு வண்டிக்காரர். மரக்காணத்தில் மூட்டை ஏற்றினால் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகச் செங்கம் வரை செல்வார். ஏறத்தாழ 130 கிலோமீட்டர். மாடுகளின் பொருட்டு வெயிலில் நடையில்லை. இரவெல்லாம் செலவு, பகலெல்லாம் புளியமரத்தடி. மரக்காணமே சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என்பர் ஆய்வாளர் சிலர். செங்கமோ மலைபடுகடாத்தின் நன்னன் ஆண்ட செங்கண்மா. ஒரு நூலின் ஊரில் ஏற்றிய உப்பை மற்றொரு நூலின் ஊரில் இறக்கிவந்த தாத்தா, அவ்விரு நூல்களின் பெயரையும் கேட்டதில்லை.

1978ஆம் ஆண்டு, காலாண்டு விடுமுறையில், பருவத்தின் கடைசிப் பயணத்திற்கு என்னையும் அழைத்துச் சென்றார். உமணர் வண்டிகளோடு வந்த மந்தி அவர்தம் பிள்ளைகளோடு விளையாடியதைச் சிறுபாணாற்றுப்படை காட்டும். எங்கள் வண்டியில் மந்தியின் இடத்தில் நான் இருந்தேன். மற்ற வண்டிகளுக்கெல்லாம் இருப்பச்சு வந்துவிட்ட காலம். எங்கள் வண்டிக்கு மட்டும் கருவேலமரத்து அச்சு. அதனடியில், அரிக்கன் விளக்குக்குப் பின்னால், மற்றொரு கருவேல அச்சு கயிற்றில் தொங்கும். கூட வந்தவர்கள் கேலி செய்வார்கள்.

“ஏன் தாத்தா நமக்கு மட்டும் மரம்?”

“இரும்பை உப்பு தின்னும் கண்ணு. மரத்துகிட்ட அதன் வேலை நடக்காது.”

செஞ்சியைக் கடந்து, கோட்டைமலைகள் விடியலில் கறுத்துத் தெரிந்த வேளையில், சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. எலும்பு முறிவது போன்ற ஓசை. வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. தாத்தா முதலில் பார்த்தது மாடுகளின் கழுத்தை, இரண்டாவது என்னை. பிறகுதான் அச்சை.

கேலி செய்தவர்கள் அனைவரும் தத்தம் வண்டிகளை நிறுத்திவிட்டு வந்தார்கள். மூட்டைகளை இறக்கினார்கள். வண்டிக்கு முட்டுக் கொடுத்துக் கடையாணிகளைப் பிடுங்கிச் சக்கரங்களைக் கழற்றினார்கள். முறிந்ததை நீக்கிச் சேமஅச்சைப் பொருத்தி, மசகு தடவி, மூட்டைகளை மீண்டும் ஏற்றியபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. விழுந்து உடைந்த ஒரு மூட்டையின் உப்பை, மண் கலவாத வரையில், நான் கையால் அள்ளினேன். உள்ளங்கைக் கீறல்களில் அது எரிந்த எரிச்சல் இன்றும் நினைவிருக்கிறது.

உப்பு விற்றுத் திரும்பும் வழியில் தாத்தா வண்டியில் ஏறவேயில்லை. பாரம் குறைவுதான், கேழ்வரகு மூட்டைகள் சிலவும் நானும். இருந்தும் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரத்தின்மேல் கைவைத்தபடி நடந்தே வந்தார். அடியில் வெறும் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. “ஏறுங்கள் தாத்தா” என்றேன். “மாத்து இல்லாத வண்டியிலே எப்படிடா உட்காருறது?” என்றார்.

வீடு சேர்ந்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மாடுகளைக் குளிப்பாட்டினார், சக்கரங்களில் படிந்த உப்பைக் கழுவினார், பருவம் முடிந்தால் வழக்கமாகச் செய்பவைதாம். தச்சரிடம் புதிய அச்சுக்குச் சொல்வதும் அவ்வழக்கங்களில் ஒன்று. அதை மட்டும் அவர் செய்யவில்லை. தையில் அளம் தொடங்கியபோது வரப்போரம் லாரிகள் வரிசையாக நின்றன. வண்டி வேப்பமரத்தடியிலேயே நின்றது. நான் படித்து, தமிழ் ஆசிரியனாகி, அந்தப் பாடலை எத்தனையோ ஆண்டுகள் நடத்தியும், ‘சேமஅச்சு – மாற்று அச்சு’ என்று அருஞ்சொற்பொருள் எழுதிப்போட்டதோடு சரி.

மறுநாள் வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். பிறகு அந்த மாணவனை எழுப்பி, “நேற்று நீ சரியாகத்தான் கேட்டாய். நான் சிரித்திருக்கக் கூடாது” என்றேன். அவன் சற்று நெளிந்தான்.

“எங்க அப்பா உப்பு லாரிதாங்க ஐயா ஓட்டுறாரு. எல்லாரும் ஒரு ஸ்டெப்னி வைப்பாங்க. அவரு ரெண்டு வைப்பாரு.”

இம்முறை யாரும் சிரிக்கவில்லை.